சின்ன பெட் வாங்கப் போறீங்களா? பிராணியைக் கடைசியா வாங்குங்க: முழு வழிகாட்டி

நாய் வளர்க்க வீட்டு ஓனர் ஒத்துக்கல, பூனை வேண்டாம்னு அம்மா சொல்லிட்டாங்க, பையன் விடாம நச்சரிக்கிறான், சரி ஞாயித்துக்கிழமை போய் சின்னதா ஏதாவது வாங்கிட்டு வந்துடலாம்னு கிளம்புறவங்களுக்குத்தான் இது. நான் சென்னையில ஃபிளாட்லதான் இருக்கேன், பட்ஜி (நம்ம ஊர்ல இதைத்தான் லவ் பேர்ட்ஸ்னு சொல்றோம்), ஃபைட்டர் மீன், கினி பிக், முயல் நாலும் வளர்த்தாச்சு, எங்க அப்பார்ட்மென்ட்ல யார் எது வாங்கினாலும் ரெண்டாவது வாரம் என் கதவைத்தான் தட்டுறாங்க. தப்பு எங்க நடக்குதுன்னு பார்த்தா எப்பவும் ஒரே இடம்தான். முதல்ல பிராணி, அப்புறம் கூண்டு, அப்புறம் தீனி, அது சோர்ந்து படுத்தப்புறம் டாக்டர். இந்த வரிசையை அப்படியே தலைகீழா பண்ணணும். கீழ அந்த வரிசையிலயே எழுதியிருக்கேன், தாண்டிப் போகாதீங்க.

1. முதல்ல சட்டம்: எதை ஆசையே படக்கூடாது

பச்சைக்கிளி வளர்க்கக் கூடாது. கழுத்துல சிவப்பு வளையம் இருக்கிற நம்ம ஊர் கிளி, அதைவிடப் பெருசா தோள்ல சிவப்புத் திட்டு இருக்கிற பெரிய கிளி, ரெண்டுமே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. சிட்டுக்குருவி சைஸ்ல கூண்டுல அடைச்சு விக்கிற முனியா, நட்சத்திர ஆமை, குளத்து ஆமை, காட்டு முயல் எல்லாம் அதே கதைதான். "எங்க தாத்தா வீட்டுல கிளி இருந்துச்சே"ன்னு சொல்லுவாங்க, இருந்திருக்கும், ஆனா இன்னைக்குப் பிடிபட்டா அபராதமும் ஜெயிலும் கூண்டு வீட்டுல வச்சிருக்கிறவங்களுக்கும் உண்டு.

வெளிநாட்டுப் பிராணின்னா ஒண்ணும் ஆகாதுன்னு கடையில சொல்லுவாங்க. முழுசா நம்பாதீங்க. ஆப்பிரிக்க சாம்பல் கிளி, இகுவானா பல்லி, பால் பைத்தான் பாம்பு, சல்காட்டா ஆமை இதெல்லாம் சைட்டிஸ் (காட்டு உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கிறதைக் கட்டுப்படுத்துற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, 2024-ல வந்த விதிப்படி இந்த மாதிரி பிராணி வச்சிருக்கிறவங்க மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல பதிவு பண்ணணும். பில்லும் பேப்பரும் தராத கடையில இதுல எதையும் வாங்காதீங்க. முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு இந்த வரிசையே வேண்டாம்ங்கறது என் கருத்து.

தாராளமா வளர்க்கக் கூடியது: பட்ஜி, காக்டெயில் (கொண்டை வச்ச சின்னக் கிளி வகை), ஃபைட்டர் மீன், கப்பி மீன், வீட்டு முயல், கினி பிக், ஹாம்ஸ்டர். சட்டத்தை ஏன் முதல் படியா வச்சேன்னா, ஒரு குட்டியைக் கையில வாங்கிட்டப்புறம் யாருக்கும் திருப்பிக் குடுக்க மனசு வராது.

2. ஒரு வாரம் உங்க வீட்டையே வேடிக்கை பாருங்க

ஒரு ரூம் தெர்மாமீட்டர் வாங்கி, பிராணியை வைக்கலாம்னு நினைக்கிற இடத்துல தொங்க விடுங்க. காலையில, மத்தியானம் ரெண்டு மணிக்கு, ராத்திரி, மூணு தடவை எழுதி வைங்க. இந்த ஒரு வேலையைச் செஞ்சா பாதி தப்பு நடக்காது.

ஏன்னு கேட்டா, போன ஏப்ரல்ல மூணாவது மாடியிலருந்து ஒரு பொண்ணு ஓடி வந்தா, "ஆன்ட்டி, முயல் எந்திரிக்கவே மாட்டேங்குது". போய்ப் பார்த்தா மேற்குப் பார்த்த பால்கனி, மேல தகரக் கூரை, கூண்டுக்குள்ள முயல் பக்கவாட்டுல நீட்டிப் படுத்திருக்கு, மூக்கு படபடன்னு அடிச்சுக்குது, வாயால மூச்சு விடுது, காது ரெண்டும் தொட முடியல, அவ்வளவு சூடு. சாதாரணத் தண்ணியில துணியை நனைச்சு காதைத் துடைச்சு, ஃபேனுக்குக் கீழ வச்சு, ஆட்டோ பிடிச்சோம். ஆஸ்பத்திரி வாசல்லயே போயிடுச்சு. முயலுக்கு வேர்க்காது, அந்தக் காது வழியாத்தான் அது உடம்புச் சூட்டை வெளிய விடுது, 30 டிகிரி தாண்டினாலே அதுக்குக் கஷ்டம். அந்தப் பால்கனியில அன்னைக்கு 40 டிகிரிக்குக் கம்மியா இருந்திருக்காது. வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் மத்தியானம் அங்க அஞ்சு நிமிஷம் நின்னு பார்த்திருந்தா அவங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

சூட்டைத் தவிர இன்னும் பார்க்க வேண்டியது:

புகை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, கற்பூரம், கொசுவத்தி, தாளிப்பு நெடி. பறவையோட நுரையீரல் ரொம்ப மென்மையானது. நான்ஸ்டிக் தவா காலியா அடுப்புல காய்ஞ்சா வர்ற புகையே பட்ஜியைக் கொன்னுடும், நம்ம மூக்குக்கு அது தெரியக்கூடத் தெரியாது. சமையல்கட்டும் ஹாலும் ஒண்ணா இருக்கிற வீட்டுல பறவை வேணும்னா, தவாவை இரும்புக்கு மாத்த ரெடியான்னு முதல்லயே யோசிங்க.

ஃபேன். பறவையை வெளிய பறக்க விடுற நேரத்துல சீலிங் ஃபேன் நிக்கணும். மே மாசம் உங்க வீட்டுல அது நடக்குமா?

வெளி ஆளுங்க. பால்கனிக்குக் காக்கா வருதா, பூனை வருதா, எறும்பு எந்தச் சுவர்ல ஏறுது. கூண்டு ஸ்டாண்டோட காலுக்குக் கீழ சின்னக் கிண்ணத்துல தண்ணி வச்சா எறும்பு ஏறாது, காக்காவுக்கு அப்படி வழி இல்ல.

தூக்கம். பட்ஜிக்கு ராத்திரி 10 லேர்ந்து 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேணும். பதினோரு மணி வரைக்கும் டிவி ஓடுற ஹால்ல வச்சா அது தூங்காது, எரிச்சலாகும், சீக்கிரம் நோயில விழும்.

வீட்டுல ஆஸ்துமா இருக்கிறவங்க இருந்தா, பறவை இறகுத் தூசியும் காய்ஞ்ச புல் தூசியும் ஒத்துக்குமான்னு ஏற்கெனவே வளர்க்கிற ஒருத்தர் வீட்டுல ஒரு மணி நேரம் உக்காந்துட்டு வரச் சொல்லுங்க.

3. எத்தனை வருஷம், பொங்கலுக்கு ஊருக்குப் போனா யாரு

ஹாம்ஸ்டர் ரெண்டு மூணு வருஷம். ஃபைட்டர் ரெண்டு லேர்ந்து நாலு. கினி பிக் அஞ்சு லேர்ந்து எட்டு. பட்ஜி நல்லா பார்த்துக்கிட்டா எட்டு வருஷம் கூட இருக்கும். முயல் எட்டு, பத்து வருஷம். தங்க மீன் பத்தைத் தாண்டும். இப்ப நாலாவது படிக்கிற குழந்தைக்கு முயல் வாங்கினா, அது காலேஜ் போறப்பவும் முயல் வீட்டுல இருக்கும். பாத்துக்கப் போறது நீங்கதான், அதனால உங்களுக்குப் பிடிச்சா மட்டும் வாங்குங்க.

ஊருக்குப் போற பிரச்சினையை வாங்கறதுக்கு முன்னாடியே தீர்த்துடுங்க. நல்லா இருக்கிற வளர்ந்த மீன் மூணு நாலு நாள் தீனி இல்லாம தாங்கும், பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட டப்பாவைக் குடுத்துட்டுப் போனாத்தான் அவர் பாசத்துல அள்ளிக் கொட்டி தண்ணியை நாசம் பண்ணிடுவார். முயலையும் கினி பிக்கையும் ஒரு நாள் கூடத் தனியா விடக்கூடாது, அதுங்க குடல் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கணும், 12 மணி நேரம் சாப்பிடலன்னா அது அவசரக் கேஸ். யார்கிட்ட விடுவீங்கன்னு ஒரு பேர் வாயில வரலன்னா, மீனோட நிறுத்திக்கோங்க.

4. இப்பதான் எந்தப் பிராணின்னு பேசணும்

*ஃபைட்டர் மீன்.* வேலைக்குப் போறவங்களுக்கு, சின்ன வீட்டுக்கு நான் முதல்ல சொல்றது இதைத்தான். வெளிக்காத்தையும் சுவாசிக்கிற உறுப்பு இருக்கு, கரன்ட் போனாலும் தாங்கும், நம்ம ஊர் சூட்டுக்கு பெரும்பாலும் ஹீட்டர் வேண்டாம். ஆனா ஹார்லிக்ஸ் பாட்டில்ல வச்சுக் கடையில விக்கிறதால அதுல வாழும்னு அர்த்தம் இல்ல. குறைஞ்சது 20 லிட்டர், அதாவது ஒரு வாட்டர் கேன் அளவு. மூடி வேணும், குதிக்கும். ஆண் ஒண்ணே ஒண்ணுதான். தொட்டியை ஏசிக்கு நேரா வைக்காதீங்க, 24 லேர்ந்து 28 டிகிரி இருந்தா அதுக்குப் போதும்.

*தங்க மீன்.* கிண்ணத்துல ஒண்ணு வச்சா அழகா இருக்கும்னு வாங்குறாங்க, நான் பார்த்ததுல அதிகமா சாகறது அதுதான். பெருசா வளரும், அழுக்கு ஜாஸ்தி பண்ணும், பெரிய தொட்டியும் ஃபில்டரும் கேக்கும். முதல் மீனா வேண்டாம்.

*பட்ஜி.* உங்களுக்குச் சத்தம் பிடிக்கும், வீட்டுல பகல்ல ஆள் இருக்குன்னா நல்ல தேர்வு. ஒண்ணு மட்டும் வாங்கினா தினம் ஒரு மணி நேரமாவது நீங்க அதோட இருக்கணும், இல்லன்னா ஜோடியா வாங்குங்க. இங்க எல்லாரும் பண்ற தப்பு மண் கலயம். கடைக்காரர் கூண்டோட சேர்த்து ஒரு கலயமும் தருவார், நீங்களும் தொங்க விடுவீங்க, அது முட்டை போட்டுக்கிட்டே இருக்கும், பெட்டையோட உடம்புல கால்சியம் போய் முட்டை உள்ள சிக்கிச் சாகும். குஞ்சு வேண்டாம்னா கலயத்தை வைக்காதீங்க, தூங்க அதுக்குக் கிளையே போதும்.

*கினி பிக்.* கடிக்காது, குழந்தைங்களோட ஒத்துப் போகும், ஆனா தனியா இருந்தா வாடிப் போகும், ஒரே பாலினத்துல ரெண்டு வேணும். வைட்டமின் சி அதோட உடம்புல உற்பத்தியாகாது, நம்மள மாதிரியே. தினம் குடைமிளகாயோ கொத்தமல்லியோ கொஞ்சம் கொய்யாவோ போகணும். வெறும் அரிசியும் கேரட்டும் போட்டு வளர்த்து, மூட்டு வீங்கி நடக்க முடியாம ஆனதைப் பார்த்திருக்கேன்.

*முயல்.* பார்க்க பொம்மை மாதிரி, வளர்க்க இந்தப் பட்டியல்லயே கஷ்டமானது. பல் வளர்ந்துக்கிட்டே இருக்கும், சாப்பாட்டுல பெரும் பங்கு புல்லா இருக்கணும். அருகம்புல் ரொம்ப நல்லது, கோயில் வாசல்ல கிடைக்கிறதை மூணு தடவை கழுவி ஈரம் போக உலர்த்திக் குடுங்க, ரோட்டோரத்துல அறுத்தது வேண்டாம். குதிரைமசால் குட்டிக்கு நல்லது, பெருசானப்புறம் குறைக்கணும், அதுல கால்சியம் ஜாஸ்தி. வைக்கோல்ல சத்து இல்ல, விரிக்க வச்சுக்கலாம். ஏசியோ நல்ல குளிர்ச்சியான ரூமோ இல்லாத வீட்டுல முயல் வேண்டாம்னு நான் நேராவே சொல்லிடுவேன், கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

*ஹாம்ஸ்டர்.* பகல் முழுக்கத் தூங்கும், ராத்திரி சக்கரத்துல ஓடும். குழந்தை எழுப்பி எழுப்பி விளையாடும், அது கடிக்கும். ராத்திரி முழிச்சிருக்கிற பெரியவங்களுக்குச் சரி. சிரியன் வகைன்னா ஒரு கூண்டுக்கு ஒண்ணுதான், ரெண்டு போட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சே கொல்லும்.

*சிவப்புக்காது ஆமை.* பிளாஸ்டிக் டப்பாவுல பிளாஸ்டிக் தென்னமரத்தோட விக்கிறாங்களே அது. அஞ்சு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெருசா வாங்குவீங்க, பெட்டை ஒரு அடி வரைக்கும் போகும், இருபது முப்பது வருஷம் இருக்கும். சமாளிக்க முடியாம கோயில் குளத்துல விட்டுடறாங்க, அது அமெரிக்க ஆமை, நம்ம குளத்து ஆமையோட இடத்தையும் இரையையும் பிடிச்சுக்கும். வாங்காதீங்க. சாயம் போட்ட கலர் கோழிக்குஞ்சும் அதே மாதிரிதான், தாய்ச்சூடு இல்லாம ரெண்டு நாள்ல செத்துப் போறதைக் குழந்தை பார்க்கணுமா?

5. டாக்டரைக் கண்டுபிடிச்சப்புறம்தான் அட்வான்ஸ் குடுங்க

தெருவுல இருக்கிற கிளினிக் எல்லாம் பெரும்பாலும் நாய் பூனைக்குத்தான். போன் பண்ணி "முயல் பார்ப்பீங்களா, பறவை பார்ப்பீங்களா, மாசம் எத்தனை கேஸ் வரும்"னு நேரடியா கேளுங்க. சென்னைன்னா வேப்பேரியில மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலியிலயும் கால்நடைக் கல்லூரி இருக்கு, அங்க பறவை, சின்னப் பிராணி பார்க்கிற நேரத்தை முன்னாடியே விசாரிச்சு வச்சுக்கோங்க.

ஏன் இவ்வளவு கறாரா சொல்றேன்னா, நாய்க்குச் சாதாரணமா குடுக்கிற மருந்தே இதுங்களுக்கு விஷமாகும். அமாக்ஸிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்தை வாய் வழியா குடுத்தா முயல், கினி பிக் குடல்ல இருக்கிற நல்ல கிருமி செத்து, பிராணியும் போயிடும். வீட்டுல மிச்சம் இருக்கிற சிரப்பைத் தொடவே தொடாதீங்க.

6. கூண்டும் தொட்டியும் காலியா ரெடியாகட்டும்

மீனுக்குத்தான் இதுல பொறுமை ஜாஸ்தி வேணும். மீன் கழிவுலருந்து அம்மோனியா வரும், அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட்டா மாத்தும், இன்னொண்ணு நைட்ரேட்டா மாத்தும். முதல் ரெண்டும் மீனுக்கு விஷம். இந்த பாக்டீரியா ஃபில்டர் ஸ்பாஞ்சுல குடியேற நாலு லேர்ந்து ஆறு வாரம் ஆகும். தொட்டியில தண்ணி ஊத்தி, ஃபில்டரை ஓட விட்டு, ரெண்டு நாளைக்கு ஒரு தடவை துளி மீன் தீனி போட்டு விடுங்க, அந்தத் தீனி அழுகி வர்ற அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. நல்லா ஓடிக்கிட்டிருக்கிற தொட்டியிலருந்து பழைய ஸ்பாஞ்சு ஒரு துண்டு கிடைச்சா நாள் குறையும். டெஸ்ட் கிட்ல அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினப்புறம்தான் மீன்.

மெட்ரோ தண்ணின்னா குளோரின் இருக்கும், வாளியில 24 மணி நேரம் திறந்து வைங்க இல்ல ஆன்ட்டி குளோரின் சொட்டு விடுங்க. கேன் தண்ணி சுத்தம்னு அதையே முழுசா ஊத்தாதீங்க, ஆர்ஓ-ல தாது எல்லாம் போயிருக்கும், தண்ணியோட அமிலத்தன்மை நிலையா நிக்காது. அப்புறம் வாரம் கால்வாசி தண்ணி மட்டும் மாத்துங்க. மொத்தத் தண்ணியையும் கொட்டி, ஸ்பாஞ்சைக் குழாயடியில பிழிஞ்சு, பளபளன்னு கழுவி வைக்கிற வீட்டுலதான் மீன் தங்கறதில்ல, ஆறு வாரம் வளர்ந்த பாக்டீரியா ஒரே நிமிஷத்துல போயிடுது. எடுத்து வச்ச தொட்டித் தண்ணியிலயே லேசா அலசினா போதும்.

பட்ஜி கூண்டு உயரமா இருக்கறதைவிட அகலமா இருக்கணும், அது ஹெலிகாப்டர் மாதிரி நேரா மேல போகாது, பக்கவாட்டுலதான் பறக்கும். கம்பி இடைவெளி அரை இன்ச்சுக்கு மேல போகக் கூடாது, தலை மாட்டிக்கும். கூண்டோட வர்ற வழவழ பிளாஸ்டிக் குச்சியைத் தூக்கிட்டு கொய்யா, வேப்பங்கிளையை வெவ்வேற தடிமன்ல வைங்க, ஒரே தடிமன்ல நின்னா கால் புண்ணாகும். கடல் நுரை (கணவாய் மீனோட ஓடு) ஒரு துண்டு, நாட்டு மருந்துக் கடையில கிடைக்கும், கால்சியத்துக்கு. தினை மட்டும் போதாது, முருங்கைக் கீரை, கொத்தமல்லி, வாரம் ஒரு நாள் கொஞ்சம் வேகவச்ச முட்டை.

முயல், கினி பிக்னா கம்பி வலைத் தரை வேண்டாம், பாதம் புண்ணாகும். சமமான தரை, மேல துணியோ புல்லோ, ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி.

7. கடையில: பத்து நிமிஷம் தள்ளி நின்னு பாருங்க

கூண்டுகிட்ட போனதும் நோயாளிப் பறவை கூட உஷாராகி நல்லா இருக்கிற மாதிரி நிக்கும், பலவீனத்தைக் காட்டினா இரையாயிடுவோம்னு அதுங்க சுபாவம். அதனால தள்ளி நில்லுங்க. அஞ்சு நிமிஷம் போனா, பந்து மாதிரி உப்பி, வால் மேலயும் கீழயும் ஆட மூச்சு விடுறது எதுன்னு தானா தெரியும். அதை மட்டும் இல்ல, அந்தக் கூண்டுலருந்தே எதையும் எடுக்காதீங்க.

நல்லா இருக்கிற கூண்டுலயும் வயசு பார்க்கணும்: குட்டி பட்ஜிக்கு நெத்திக் கோடு மூக்கு வரைக்கும் ஓடும், கண்ணு முழுக் கறுப்பு. வளர்ந்ததுக்கு மூக்கு மேல இருக்கிற சதை பெரும்பாலும் ஆணுக்கு நீலம், பெண்ணுக்குப் பழுப்பு. அங்க தேன்கூடு மாதிரி பொருக்கு இருந்தா அது பூச்சி, விடுங்க.

மீன் உடம்புல ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கா, துடுப்பை ஒடுக்கி வச்சிருக்கா பாருங்க. கொளத்தூர் பக்கம் மீன் கடை வரிசையா இருக்கு, ஒரு தொட்டியில ஒரு செத்த மீன் தெரிஞ்சாலும் அடுத்த கடைக்குப் போங்க, நடக்கிற தூரம்தான்.

முயல் குட்டி எட்டு வாரமாவது தாயோட இருந்திருக்கணும். உள்ளங்கையில அடங்கறதைக் காட்டி "இது வளராத ஜாதி சார்"னு சொன்னா அது பால் மறக்காத குட்டின்னு எடுத்துக்கோங்க, வீட்டுக்கு வந்து வயித்தால போய் செத்துடும். முன்னங்கால் உள்பக்கம் ஈரமா பிசுபிசுன்னு இருந்தா மூக்கு ஒழுகுது, அதைத் துடைச்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம்.

ஆணா பெண்ணான்னு கடைக்காரர் சொன்னதை வச்சு முடிவு பண்ணாதீங்க. எனக்கு ரெண்டும் பெண் கினி பிக்னுதான் குடுத்தாங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் காலையில புல் போட பெட்டியைத் தூக்கறேன், நாலு இருக்கு. புதுசு ரெண்டும் முடியோட, கண்ணு திறந்து, அன்னைக்கே ஓடுது. குட்டி போட்ட சில மணி நேரத்துலயே அது மறுபடி சினையாகும்னு டாக்டர் சொன்னப்புறம்தான் ஓடி வந்து ஆணைப் பிரிச்சேன். வாங்கின அன்னைக்கே டாக்டர்கிட்ட காட்டியிருந்தா ஒரு நிமிஷ வேலை.

8. முதல் பதினஞ்சு நாள்

மூணு நாள் தொடாதீங்க. தீனி, தண்ணி வைங்க, பக்கத்துல உக்காந்து மெதுவா பேசுங்க, அவ்வளவுதான். சொந்தக்காரங்களைக் கூப்பிட்டுக் காட்டுறதெல்லாம் அப்புறம். கடையில என்ன சாப்பிட்டுச்சோ அதையே ஒரு வாரம் குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா நல்ல தீனிக்கு மாத்துங்க, திடீர்னு மாத்தினா வயிறு கெடும்.

மீனைக் கவரோட தொட்டியில இருபது நிமிஷம் மிதக்க விட்டு, வலையால மீனை மட்டும் எடுத்து விடுங்க, கவர்த் தண்ணி சாக்கடைக்கு. ஏற்கெனவே பறவை இருக்கிற வீடுன்னா புதுசை வேற ரூம்ல ஒரு மாசம் தனியா வைங்க.

முயலையும் கினி பிக்கையும் குளிப்பாட்டாதீங்க, பயத்துலயும் குளிர்லயும் போயிடும். குழந்தை தூக்கணும்னா தரையில உக்காந்து மடியில வச்சுக்கட்டும், முயல் ஒரு உதை உதைச்சுக் கீழ விழுந்தா முதுகெலும்பே போயிடும்.

கடைசியா ஒண்ணு வாங்கிடுங்க, கிச்சன்ல மாவு எடை போடுற சின்ன டிஜிட்டல் தராசு. மீனைத் தவிர மத்த எல்லாத்தையும் வாரம் ஒரு நாள், ஒரே நேரத்துல, ஒரு டப்பாவுல உக்கார வச்சு எடை போட்டு காலண்டர்ல எழுதுங்க. பட்ஜியே 30, 40 கிராம்தான், அதுல நாலு கிராம் குறைஞ்சா கண்ணுக்குத் தெரியாது, தராசுக்குத் தெரியும், அன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணிடலாம்.